கடை பிரெட் இனிக்கிறது, வீட்டு பிரெட் எழும்பிப் படுத்துவிடுகிறது: வேலூர் வெயிலில் என்ன செய்வது?

கொசப்பேட்டைக்காரி (வேலூர்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சமையலில் நான் கத்துக்குட்டி இல்லை. பிரியாணிக்கு தம் போடுவதிலிருந்து அதிரசப் பாகு வரைக்கும் கை பழகியதுதான். ஆனால் பிரெட் விஷயத்தில் மட்டும் நான் அ, ஆ தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டுக்கால் பாயா. மாமனார் காலத்து வழக்கம். சனி ராத்திரியே ஆட்டுக்காலை வாட்டிச் சுரண்டி, மிளகும் இஞ்சியும் தட்டிப் போட்டு அடுப்பில் ஏற்றிவிடுவோம். தொட்டுக்க இடியாப்பம் உண்டு, ஆப்பம் உண்டு. ஆனாலும் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் பிரெட்டைப் பிய்த்து அதில் முக்கிச் சாப்பிட்டால்தான் திருப்தி. கஷ்டம் என்னவென்றால், கடையில் எந்த பிரெட்டை வாங்கினாலும் இனிக்கிறது. டீக்குச் சரி. பாயாவில் நனைந்தால் காரமும் தித்திப்புமாகக் கலந்து வாயில் என்னவோ பண்ணுகிறது. சால்ட் பிரெட் என்று கேட்டு வாங்கினாலும் அதிலும் லேசாக ஒரு தித்திப்பு இருக்கிறது.

சரி, நாமே போட்டுவிடலாம் என்று இறங்கினேன். நாத்தனார் கொடுத்த ஓ.டி.ஜி. (சின்ன மின்சார ஓவன்) ஒன்று பரண் மேல் சும்மாதான் கிடந்தது. யூடியூபில் ஒரு வெள்ளைக்கார அம்மா செய்வதைப் பார்த்து அப்படியே செய்தேன். மைதா 400 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 260 மில்லி, ஈஸ்ட் 7 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், கொஞ்சம் எண்ணெய். பத்து நிமிஷம் பிசைந்து, மூடி, ‘கதகதப்பான இடத்தில் ஒன்றரை மணி நேரம்’ வைக்கச் சொன்னார்கள். எங்கள் சமையலறையில் கதகதப்பில்லாத இடம் எது? மேலே தகரக் கூரை இல்லை, தளம்தான். ஆனாலும் மேற்குப் பார்த்த ஜன்னல். மத்தியானம் கடப்பாக்கல் மேடையில் கை வைத்தால் சுடும்.

அரை மணி நேரத்தில் மாவு மூடியைத் தொட்டுவிட்டது. அட, நமக்குக் கை ராசி போல என்று சந்தோஷப்பட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தால் நடுவில் குழி விழுந்து, கிண்ணத்தின் ஓரத்தில் ஜவ்வு ஜவ்வாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாராய வாடை வேறு. உருட்டி டின்னில் போட்டேன். மறுபடி கிடுகிடுவென்று ஏறியது. ஓவனுக்குள் வைத்த கொஞ்ச நேரத்தில் மேல் பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. வெளியே எடுத்தால் வெளிறிப்போய், மேலே பெரிய பொந்து, அடியில் களி. வாயில் வைத்தால் புளிப்பு. மாமியார் ஒரு துண்டை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, “நாய்க்குப் போடுற பொறை தேவலாம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறமும் ஒன்றிரண்டு தடவை செய்தேன். அதே கதிதான். கேள்விகள் இவை:

மைதா சரியில்லையா? மளிகைக் கடையில் சில்லறையாக வாங்கியது. ஈஸ்ட் பழசா? அதுவும் சின்ன பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுத்தது, தேதி எதுவும் இல்லை. தண்ணீர் காரணமா? எங்களுக்குக் காவிரித் தண்ணீர் விடுகிறார்கள், அது வராத நாளில் போர் தண்ணீர், குடிக்க கேன். இதில் எதை ஊற்றுவது? கடைக்காரர்கள் பிரெட் அப்படிப் பூப்போல எழும்ப ஏதாவது மருந்து போடுகிறார்களா?

சர்க்கரை இல்லாத, பாயாவுக்குத் தோதான ஒரு சாதாரண பிரெட். அவ்வளவுதான் கேட்கிறேன்.

—

முத்துமண்டபத்தான் எழுதியது:

அக்கா, நாற்பது டிகிரி வெயிலில் வீட்டுக்குள்ளே இன்னொரு அடுப்பைப் பற்ற வைக்கும் உங்கள் தைரியத்துக்கு ஒரு சல்யூட். பேசாமல் இடியாப்பத்துக்கே திரும்பிவிடுங்கள்.

—

காட்பாடி டூ லீட்ஸ் எழுதியது:

அக்கா, முதலில் ஒரு விஷயம். உங்கள் மைதாவிலும் குற்றமில்லை, கையிலும் குற்றமில்லை. அந்தச் செய்முறை உங்கள் ஊருக்காக எழுதப்பட்டதில்லை.

நான் காந்தி நகரில் வளர்ந்தவன், இப்போது இங்கிலாந்தில் லீட்ஸில் இருக்கிறேன். இங்கே வருஷத்தில் பாதி நாள் சமையலறை 18, 19 டிகிரிதான். மாவு எழும்பாமல் மணிக்கணக்கில் மண்ணாங்கட்டி மாதிரி கிடக்கும். அதனால்தான் இந்த ஊர்க்காரர்கள் ‘கதகதப்பான இடம்’ என்று படித்துப் படித்துச் சொல்கிறார்கள். வீட்டில் வெந்நீர்த் தொட்டி வைத்திருக்கும் அலமாரிக்குள்ளே மாவுக் கிண்ணத்தைக் கொண்டுபோய் வைப்பவர்கள் உண்டு. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றச் சொல்வதும் அதற்குத்தான். 7 கிராம் ஈஸ்ட் என்பதும் இங்கே கடையில் விற்கும் ஒரு சின்ன பாக்கெட்டின் அளவு. அரை கிலோ மாவுக்கு ஒரு பாக்கெட் என்று கணக்கு. இந்தக் குளிருக்கு அது சரி.

அதையே மே மாதம் வேலூரில் செய்தால்? ஏறக்குறைய பத்து டிகிரி கூடினால் ஈஸ்டின் வேகம் இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒன்றரை மணி நேரம் எடுப்பது அங்கே அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். உங்களுக்கு நடந்ததும் அதுதான். அரை மணியில் மூடியைத் தொட்டதே, அப்போதே மாவு தயார். வீடியோ சொன்ன நேரத்துக்காக மிச்சம் ஒரு மணி நேரம் காத்திருந்ததில் காற்றுப் பைகள் உடைந்து ஒன்றோடொன்று சேர்ந்தன, மாவின் இழுவை தளர்ந்தது. சாராய வாடைக்கும் காரணம் இருக்கிறது. ஈஸ்ட் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் சாராயத்தையும்தான் வெளியே விடும். பிரெட் வெளிறிப்போனதும் அதனால்தான். மேல் தோல் சிவக்கக் கொஞ்சம் சர்க்கரை மிச்சம் இருக்க வேண்டும், உங்கள் மாவில் ஈஸ்ட் எல்லாவற்றையும் காலி பண்ணிவிட்டது.

இட்லி மாவு உங்களுக்குத் தெரியாததா? மார்கழியில் அடுப்புப் பக்கத்தில் வைப்பீர்கள், சித்திரையில் பொங்கியதும் ஃபிரிட்ஜுக்குத் தூக்கிவிடுவீர்கள். கடிகாரத்தைப் பார்த்து யாராவது இட்லி மாவைப் புளிக்க வைக்கிறார்களா? இதுவும் அப்படித்தான்.

ஈஸ்டைச் சோதிக்கச் சுலபமான வழி இருக்கிறது. கை பொறுக்கும் சூட்டில் அரை டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை சர்க்கரை, ஒரு டீஸ்பூன் ஈஸ்ட். பத்து நிமிஷத்தில் மேலே நுரை கட்டினால் உயிர் இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் ஈஸ்டுக்குத் தேவைக்கு மேலேயே உயிர் இருக்கிறது! ஒன்று மட்டும் கவனியுங்கள். ‘இன்ஸ்டன்ட்’ என்று போட்டிருந்தால் நேராக மாவில் கலக்கலாம். ‘ஆக்டிவ் டிரை’ என்றால் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். கொதிக்கும் தண்ணீர் கூடாது, 60 டிகிரியில் ஈஸ்ட் செத்துவிடும். பாக்கெட் பிரித்த பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், மாதக்கணக்கில் கெடாது. தேதி போடாத கவரில் இனிமேல் வாங்காதீர்கள்.

பாயா என்று எழுதி இங்கே ஒருவனின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டீர்கள், பரவாயில்லை.

—

முத்துமண்டபத்தான் எழுதியது:

சாராய வாடை என்றதும் ஞாபகம் வந்தது. கோவாவில் பாவ் மாவை எழுப்ப அந்தக் காலத்தில் தென்னங்கள்ளைத்தான் ஊற்றினார்கள். கேரளாவில் ஆப்பத்துக்கும் அதுதான். தமிழ்நாட்டில் 1987லிருந்து கள்ளுக்குத் தடை என்பதால் அந்த வழியும் நமக்கு அடைத்துவிட்டது. சரி, பெரியவர்கள் யாராவது வந்து பதில் சொல்லட்டும்.

—

குடியாத்தம் மாஸ்டர் எழுதியது:

அம்மா, வணக்கம். நான் குடியாத்தம் பக்கம் பேக்கரியில் மாவு போட்டவன். விறகு ஓவன் காலத்து ஆள். இப்போது வயசாகிவிட்டது, மகன் போனில் தட்டிக் கொடுக்கிறான். லீட்ஸ் தம்பி சொன்னது அத்தனையும் சரி. நான் கைவேலையைச் சொல்கிறேன்.

கோடைக்காலத்தில் எங்களுக்கு ஐஸ் பார் வராமல் மாவு போட மாட்டோம். ராத்திரி பத்து மணிக்கு ஐஸ் கம்பெனியிலிருந்து சைக்கிளில் பார் வரும். சாக்கில் சுற்றிக் கட்டையால் நாலு சாத்து சாத்தினால் தூளாகும். அந்தத் தூளைத் தண்ணீரோடு சேர்த்து எடை போட்டு மாவில் கொட்டுவோம். எடை போடுவது முக்கியம். ஐஸும் தண்ணீர்தான், அதைக் கணக்கில் விட்டால் மாவு சொதசொதவென்று ஆகிவிடும்.

எவ்வளவு குளிர்ச்சி வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பிசைந்து முடித்த மாவு 26 டிகிரி இருக்க வேண்டும். 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதில் உங்கள் ரூம் சூட்டையும் மைதாவின் சூட்டையும் கழியுங்கள். ரூம் 35, டப்பாவிலிருக்கும் மைதா 34 என்றால் மிச்சம் 9. தண்ணீர் 9 டிகிரி இருக்க வேண்டும். கையால் பிசையும் சூடு கொஞ்சம் ஏறும், அதனால் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி குறைந்தாலும் நல்லது. வீட்டில் தெர்மாமீட்டர் தேட வேண்டாம். ஃபிரிட்ஜ் தண்ணீரில் நாலு ஐஸ் கட்டி போட்டு, எடை பார்த்து, கரைந்ததும் ஊற்றுங்கள். மைதாவையும் முந்தின ராத்திரியே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் இன்னும் சுலபம்.

உங்கள் அளவுக்கு: மைதா 400 கிராம், தண்ணீர் ஐஸோடு சேர்த்து 250 கிராம், உப்பு 8 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 கிராம், எண்ணெய் ஒரு மேசைக் கரண்டி. 2 கிராம் ஈஸ்ட் என்பது அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேலே. பார்த்தால் ‘இது எப்படிப் போதும்’ என்று கை துறுதுறுக்கும். போதும். சர்க்கரை வேண்டவே வேண்டாம், மாவிலிருக்கிற மாச்சத்து உடைந்து ஈஸ்டுக்குத் தீனி கிடைத்துவிடும். நிறம் சிவக்கவில்லை என்று பட்டால் அடுத்த தடவை அரை டீஸ்பூன் சேருங்கள், நாக்குக்குத் தெரியாது.

உப்பில் கை வைக்காதீர்கள். மாவின் எடையில் நூற்றுக்கு இரண்டு. உப்புதான் ஈஸ்டின் கடிவாளம். உப்புக் குறைந்த மாவு வெயிலில் தறிகெட்டு ஓடும்.

ஈஸ்ட், உப்பு, மைதா, தண்ணீர் எல்லாம் கலந்து உடனே பிசைய வேண்டாம். வெறுமனே சேர்த்து, ஈரத்துணி போட்டு இருபது நிமிஷம் ஃபிரிட்ஜில் விடுங்கள். மாவு தானே தண்ணீரைக் குடித்து இழுவை கட்டும், உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். அப்புறம் எண்ணெயைச் சேர்த்து எட்டு நிமிஷம் நன்றாகத் தேய்த்துப் பிசையுங்கள். கொஞ்சம் மாவைக் கிள்ளி இரண்டு கை விரலாலும் மெல்ல விரித்துப் பாருங்கள். கிழியாமல் ஜவ்வுத்தாள் மாதிரி விரிந்து, பின்னால் இருக்கும் வெளிச்சம் தெரிந்தால் பதம் வந்துவிட்டது. சப்பாத்திப் பதத்துக்கு மைதா தூவிக் கெட்டியாக்கிவிடாதீர்கள். கையில் லேசாக ஒட்டத்தான் செய்யும்.

கடப்பாக்கல் மேலே வைக்காதீர்கள். பகலெல்லாம் வாங்கிய சூட்டை அது ராத்திரி வரைக்கும் கக்கும். அகலத் தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு, நடுவில் மாவுக் கிண்ணத்தை வைத்து, ஈரத்துணியின் நுனி தண்ணீரில் படும்படி மூடி, தரையில் வைத்துவிடுங்கள். நம் ஊர் வெயில் வறண்ட வெயில், ஈரம் சீக்கிரம் காயும், காயக் காயக் கிண்ணம் குளிரும். மாவு ஒன்றுக்கு இரண்டாக வந்ததும் எடுங்கள். ஒரு மணி நேரம் ஆகலாம், முக்கால் மணியும் ஆகலாம். கிண்ணத்தின் வெளியே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டால் குழப்பமில்லை.

அப்புறம் மெல்ல அமுக்கிக் காற்றை விட்டு, நீளமாகத் தட்டி, பாய் சுருட்டுகிற மாதிரி இறுக்கிச் சுருட்டி, மடிப்பு அடிப்பக்கம் போகும்படி டின்னில் வையுங்கள். டின் எட்டரை அங்குல நீளம் போதும். இரண்டாவது எழுச்சியில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். விரலில் மாவு தொட்டு ஓரத்தில் லேசாக அமுக்குங்கள். குழி உடனே மேலே வந்தால் இன்னும் பொறுங்கள். மெதுவாகப் பாதி வந்து நின்றால் உடனே ஓவனில் ஏற்றுங்கள். அமுக்கிய குழி அப்படியே நின்றால் எல்லை தாண்டிவிட்டது. அப்போதும் தூக்கிப் போட வேண்டாம். வெளியே எடுத்துக் காற்றை அமுக்கி, திரும்பச் சுருட்டி டின்னில் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழும்பும். ருசி ஒரு படி குறையும், உருவம் கெடாது.

ஓவன் முன்கூட்டியே பதினைந்து நிமிஷம் 200 டிகிரியில் எரிய வேண்டும். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும். டின்னைக் கீழ்த் தட்டில் வைத்து 35 நிமிஷம். சின்ன ஓ.டி.ஜி.யில் மேல் கம்பி பிரெட்டுக்கு ரொம்பப் பக்கம், இருபது நிமிஷத்தில் மேலே கறுக்க ஆரம்பித்தால் அலுமினியத் தாள் போட்டு மூடிவிடுங்கள். எடுத்து அடியில் தட்டினால் ‘டொக் டொக்’ என்று வெற்றுச் சத்தம் வர வேண்டும்.

மருந்து கேட்டீர்கள். முன்பு பொட்டாசியம் புரோமேட் என்று ஒன்றைப் போடுவார்கள், மாவு நன்றாகத் தூக்கும். 2016ல் அதை அரசாங்கம் தடை செய்துவிட்டது. இப்போது மாவைத் தூக்க வேறு இம்ப்ரூவர் பொடிகள் இருக்கின்றன, பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கால்சியம் புரோபியோனேட் சேர்க்கிறார்கள். இது எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. இனிப்பு ஏனென்றால், நம் ஊரில் பிரெட் ஒன்று டீயில் தொட்டுச் சாப்பிட, இல்லையென்றால் காய்ச்சல்காரருக்குப் பாலில் ஊற வைத்துக் கொடுக்க. இரண்டுக்கும் தித்திப்புத்தான் எடுபடுகிறது. சர்க்கரை போட்டால் இரண்டு நாள் மெத்தென்றும் இருக்கும். வியாபாரம் அப்படி.

தண்ணீர் குடிக்கிற தண்ணீராக இருந்தால் போதும். பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படிய வைக்கிற போர் தண்ணீர் மட்டும் வேண்டாம், மாவு முறுக்கிக்கொள்ளும்.

மைதாவைப் பற்றி ஒரு வார்த்தை. மண்டித் தெருப் பக்கம் மொத்தக் கடைகளில் பரோட்டாக் கடைக்காரர்கள் எந்த மைதாவை வாங்குகிறார்களோ அதையே கேட்டு வாங்குங்கள். பரோட்டா வீசுகிறவன் இழுவை இல்லாத மைதாவைத் தொட மாட்டான். பாக்கெட்டில் வாங்கினால் பின்னால் புரதம் நூறு கிராமுக்குப் பத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

—

ஆற்காட்டு வீடு எழுதியது:

மாஸ்டர் ஐயா, அருமை. நடுவில் புகுந்து இரண்டு கேள்வி. எங்களிடம் ஓவன் இல்லை, குக்கரில் செய்யலாமா? அப்புறம், கேழ்வரகு மாவு சேர்த்தால் எழும்புமா? எங்கள் வீட்டில் களி இல்லாத நாள் இல்லை, மாவு எப்போதும் இருக்கிறது.

—

குடியாத்தம் மாஸ்டர் எழுதியது:

குக்கர் செய்முறை எனக்குப் பழக்கமில்லை, தெரிந்தவர்கள் சொல்லட்டும். கேழ்வரகில் மாவைப் பிடித்து இழுக்கும் சத்து கிடையாது. 400 கிராமில் 60 கிராம் வரைக்கும் போடுங்கள், அதற்கு மேலே போனால் செங்கல்தான். அதையும் கொஞ்சம் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்துச் சேருங்கள், இல்லாவிட்டால் பிரெட் நறநறக்கும். முழுக் கோதுமையும் பாதிக்குப் பாதிதான் ஆரம்பத்தில். தவிடு மாவின் இழுவையை அறுத்துவிடும். தண்ணீரும் கூடக் குடிக்கும்.

—

வாலாஜா அண்ணாச்சி எழுதியது:

குக்கரில் நான் செய்கிறேன். பழைய கனமான அலுமினியக் குக்கராக எடுங்கள், புதுசைக் கெடுக்காதீர்கள். அடியில் இரண்டு அங்குலம் கல் உப்பு, மேலே ஒரு ஸ்டாண்டு. கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிடுங்கள். மூடி பத்து நிமிஷம் சூடேற்றி, டின்னை உள்ளே வைத்து, சின்னத் தீயில் 45 நிமிஷம். அடி நன்றாகச் சிவக்கும், மேலே வெள்ளையாகவே நிற்கும். டின்னிலிருந்து எடுத்துத் தோசைக்கல்லில் குப்புறப் போட்டு இரண்டு நிமிஷம் வாட்டினால் ஆச்சு. அதுவும் கைகூடவில்லையென்றால் மாவைச் சின்னச் சின்ன வட்டமாகத் தட்டி எழும்பவிட்டு, கனமான தோசைக்கல்லில் மூடி போட்டு இரண்டு பக்கமும் சுட்டுவிடுங்கள். பன் மாதிரி ஆகிவிடும்.

—

கொசப்பேட்டைக்காரி எழுதியது:

மாஸ்டர் ஐயா, லீட்ஸ் தம்பி, இரண்டு பேருக்கும் கோடி நன்றி.

சொன்னபடியே செய்தேன். மைதாவும் ஃபிரிட்ஜ், தண்ணீரும் ஐஸ். பிசையும்போது கை விறைத்துப்போனது. மே மாதத்தில் சமையலறையில் கை குளிர்ந்தது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை! ஈஸ்ட் அரை டீஸ்பூன் போட்டபோது மனசு கேட்கவில்லை, இருந்தாலும் கையை அடக்கிக்கொண்டேன். தாம்பாளம், ஈரத்துணி, பூஜை அறைப் பக்கத்துத் தரை. சாக்பீஸ் கோட்டைச் சின்னவன் காவல் காத்தான்.

முக்கால் மணி நேரத்தில் கோட்டைத் தொட்டது. இரண்டாவது எழுச்சியில் விரல் வைத்து வைத்துப் பார்த்ததில் ஓரமெல்லாம் குழி. ஆனால் அந்தப் பாதி வந்து நிற்கிற குழி தெரிந்துவிட்டது ஐயா. அதை எழுத்தில் படித்தபோது புரியவில்லை, விரலுக்கு உடனே புரிந்தது. ஓவனுக்குள் போனதும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து நிமிஷத்தில் டின்னுக்கு மேலே ஒரு விரற்கடை தூக்கி, அப்படியே நின்றது. விழவில்லை.

மேல் பொறுக்கு தேன் நிறத்துக்கு வந்தது, ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்துவிட்டது. நறுக்கியதும் உள்ளே சின்னச் சின்னக் கண்ணாக இருந்தது, அடியில் களி இல்லை. துளியும் தித்திப்பில்லை. பாயாவில் முக்கினால் கடை பிரெட் மாதிரி கரைந்து உதிராமல் சாற்றை இழுத்துக்கொண்டு முழுசாக நிற்கிறது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டினார். மாமியார், “உப்பு ஒரு கல்லு கூட இருந்திருக்கலாம்” என்றார். அவர் வாயிலிருந்து அது பாராட்டு.

இப்போது மிச்சச் சந்தேகங்கள். சூடாக நறுக்கியபோது முதல் இரண்டு துண்டு கத்தியில் ஒட்டிப் பிசுபிசுத்தது, ஏன்? மிஞ்சியதை ஃபிரிட்ஜில் வைத்தேன், மறுநாள் வறட்டியாகிவிட்டது. ஞாயிறு காலை ஏழு மணிக்கே சூடாக வேண்டுமென்றால் நான் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டுமா? ஒரு தடவை சுட கரண்ட் எவ்வளவு இழுக்கும்?

—

காட்பாடி டூ லீட்ஸ் எழுதியது:

கரண்டுக் கணக்கு நான் சொல்கிறேன் அக்கா. உங்கள் ஓ.டி.ஜி. 1500 வாட் என்றால், சூடேற்றுவதும் சேர்த்து 50 நிமிஷத்துக்கு அதிகபட்சம் ஒன்றேகால் யூனிட். சூடு ஏறியதும் கம்பி விட்டு விட்டுத்தான் எரியும் என்பதால் உண்மையில் அதைவிடக் குறைவு. வாரம் ஒரு தடவைக்கு மீட்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மூன்று மணிக்கு எழவும் வேண்டாம். ஈஸ்டை 1 கிராமாகக் குறைத்து, சனி மாலையே பிசைந்து, அரை மணி நேரம் வெளியே விட்டு, மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். 4 டிகிரியில் ஈஸ்ட் தூங்கி வழியும், ஆனால் நிற்காது. ராத்திரி முழுக்க மெதுவாகப் புளித்து மணமும் கூடும். டப்பா மாவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கட்டும், இல்லாவிட்டால் மூடியைத் தூக்கிவிடும். காலையில் ஐந்தரைக்கு எழுந்து சுருட்டி டின்னில் போட்டால், உங்கள் ஊர்ச் சூட்டில் முக்கால் மணி நேரத்தில் தயாராகிவிடும். ஏழுக்குள் ஓவனிலிருந்து வந்துவிடும், ஆறி நறுக்க எட்டு.

—

குடியாத்தம் மாஸ்டர் எழுதியது:

ரொம்பச் சந்தோஷம் அம்மா. சூட்டோடு நறுக்கினால் ஒட்டத்தான் செய்யும். வெளியே எடுத்த பிறகும் உள்ளே மாச்சத்து இறுகிக்கொண்டிருக்கும், ஒரு மணி நேரமாவது கம்பித் தட்டில் ஆற வேண்டும். டின்னிலேயே விட்டால் அடி வியர்த்து நனைந்துவிடும், உடனே கவிழ்த்துவிடுங்கள்.

ஃபிரிட்ஜ் பிரெட்டுக்கு எதிரி. அந்தக் குளிரில்தான் அது சீக்கிரம் விறைக்கும். ஒரு நாளைக்கு வேண்டியதைத் துணியில் சுற்றி வெளியே வையுங்கள். மிச்சத்தை நறுக்கி, கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, வேண்டும்போது நேராகத் தோசைக்கல்லில் வாட்டுங்கள். மருந்து போடாத பிரெட் இது, மழைக்காலத்தில் இரண்டாம் நாளே பூஞ்சை கட்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் சிவப்பது எல்லா ஓ.டி.ஜி.யிலும் உண்டு. இருபதாவது நிமிஷம் அலுமினியத் தாள் போடும்போதே டின்னைத் திருப்பி வைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை வந்ததும் ஐஸை நிறுத்திவிட்டுக் குழாய்த் தண்ணீர் ஊற்றுங்கள். ஈஸ்டையும் 3 கிராமாக்குங்கள். மாமியாருக்காக உப்பை 9 கிராமாக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.